பர்ஸ் போனால் பணம் மட்டுமா போகிறது?

நம் மாணவர்களில் பலர் வீட்டின் எழுத்தர்களாகவும் இருக்கிறார்கள். அப்பாவின் கைப்பேசிக்கு வரும் வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வது, அம்மாவின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுத்து வருவது, ஆதார் நகலோடு கணினி மையத்திற்கு ஓடுவது எல்லாம் அவர்கள்தான். எனவே, வீட்டில் ஒருவருடைய பர்ஸ் திருட்டுப் போனால் என்ன செய்வது என்பதை அவர்களும் அறிந்திருக்க வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளில் நடத்தினேன். அந்த முறையை இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு 1: பர்ஸில் என்ன இருக்கிறது?

பெற்றோரின் அனுமதியுடன், அவர்கள் பர்ஸில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு வரச் சொன்னேன். பொருளின் பெயர் மட்டும் போதும், எந்த எண்ணையும் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. மறுநாள் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'போனால் போனதுதான்'; மறுபக்கம் 'போன பிறகும் தொல்லை தருவது'.

ரூபாய் நோட்டும் பேருந்துச் சீட்டும் முதல் பக்கத்தில் எளிதாகச் சேர்ந்தன. ஆதார் அட்டையில்தான் விவாதம் எழுந்தது. "வேற அட்டை வாங்கிக்கலாமே சார்?" என்றான் ஒருவன். அட்டையை மீண்டும் வாங்கலாம். அதிலுள்ள 12 இலக்க எண் மாறாது. அதன் நகலை வைத்து நம் பெயரில் சிம் வாங்கவோ கடன் கேட்கவோ ஒருவர் முயலலாம். இதுதான் அடையாளத் திருட்டு என்று விளக்கினேன். பிறருடைய கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் என்பதையும் கூறினேன்.

"எங்க அப்பா அட்டை உறையிலயே பின் நம்பரை எழுதி வெச்சிருக்காரு சார்" என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது. சிரிக்காமல் இருந்த நான்கைந்து பேரின் வீட்டிலும் அதே நிலைதான் என்பது பிறகு தெரிந்தது. பாடம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

செயல்பாடு 2: எது முதலில்?

செய்ய வேண்டியவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களிடம் தந்து, வரிசைப்படுத்தச் சொன்னேன். ஒரு குழுவைத் தவிர மற்ற எல்லாக் குழுக்களும் காவல் நிலையத்தையே முதலில் வைத்தன. கலந்துரையாடிய பின் நாங்கள் வந்தடைந்த வரிசை இது:

1. வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்குதல். தொட்டுச் செலுத்தும் அட்டையாக இருந்தால், பின் எண் இல்லாமலே ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை செலுத்த முடியும். எனவே காத்திருக்க நேரமில்லை. அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கைப்பேசியும் போயிருந்தால் சிம்மை முடக்குதல். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

3. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தல்.

4. காவல் நிலையத்தில் புகார் அளித்து, சி.எஸ்.ஆர். ரசீதோ முதல் தகவல் அறிக்கையின் நகலோ பெறுதல். ஓடும் பேருந்தில் திருட்டுப் போயிருந்தால், எந்த எல்லை என்று தயங்க வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

5. ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டுதல். ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ இதைச் செய்யலாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்ல வேண்டும்.

6. மாற்று அட்டைகளுக்கு விண்ணப்பித்தல்.

7. சில மாதங்கள் கண்காணித்தல். நம் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். நம் பெயரில் யாராவது கடன் பெற்றுள்ளார்களா என்பதைக் கடன் தகவல் அறிக்கை காட்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை அதை இலவசமாகத் தர வேண்டும்.

வங்கியை ஏன் முதலில் வைத்தோம்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பின் எண்ணைப் பிறருக்குத் தெரியவிட்டது போன்ற கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு அந்த அரை மணி நேரம் ஒரு மாதச் சேமிப்பாக இருக்கலாம். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது.

செயல்பாடு 3: வீட்டுக்கு ஒரு தாள்

"நம்பர் அட்டைக்குப் பின்னாடிதானே இருக்கு, அட்டையே போயிட்டா?" என்று ஒரு மாணவன் கேட்டான். சரியான கேள்வி. பதற்றத்தில் இணையத்தில் தேடினால் போலி உதவி எண்களில் சிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே, ஒவ்வொருவரும் வங்கிப் புத்தகத்தையோ அட்டையையோ பார்த்து, வங்கியின் உதவி எண், சிம் நிறுவனத்தின் எண், 1930, ஆதார் உதவி எண் 1947 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதினர். அட்டை எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் இருக்கலாம். பின் எண் கூடவே கூடாது. நாட்காட்டிக்குப் பின்புறம் ஒட்டிவைக்கச் சொன்னேன்.

மதிப்பீடு

"காலையில் பேருந்தில் அம்மாவின் பர்ஸ் போனது. மாலையில் ஒருவர் அழைத்து, 'பர்ஸ் கிடைத்திருக்கிறது; உங்களுடையதுதானா என்று பார்க்க, இப்போது வரும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்' என்கிறார். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பர்ஸைத் திருப்பித் தர ஓ.டி.பி. எதற்கு என்று காரணத்தோடு எழுதியவர்களுக்கே முழு மதிப்பெண்.

ஆசிரியர்களின் பங்கு

இந்தப் பாடம் நம் மேசை இழுப்பறைக்கும் பொருந்தும். உதவித்தொகைக்காகவும் சேர்க்கைக்காகவும் மாணவர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எல்லாம் நம்மிடம்தான் குவிகின்றன. விதிமுறை அனுமதிக்கும் இடங்களில் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கேட்கலாம். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று எழுதச் செய்யலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இத்தகைய படங்களை அனுப்பச் சொல்லாமல் இருக்கலாம். தேவை முடிந்த நகல்களைப் பழைய தாள்களோடு எடைக்குப் போடாமல் கிழித்து அழிக்கலாம். பதினான்கு வயதுக் குழந்தையின் எண் இன்னும் பல ஆண்டுகள் அவனோடு வரப்போகிறது. அது வடை மடிக்கும் தாளில் கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.