சுமையை அளந்தறியும் முறை

முத்தையாபுரத்து உப்பளங்களில் வாரிய உப்பு கூடை கூடையாகத் தலைச்சுமையில் வரப்பேறுகின்றது. பின்னர் மூட்டையாகி மனிதர் கைகளால் தூக்கப்படுகின்றது. எத்தனை கிலோ என்று மட்டும் கேட்பது நமது வழக்கம். அது போதாது.

காயம் விளைவிக்கத்தக்க பாரத்தை எவரையும் தூக்கச் செய்தலாகாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதித்தது. 1967இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், ஆண்கள் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படின் அதனைக் குறைக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது.

அமெரிக்கத் தொழிற் சுகாதார நிலையம் 1991இல் திருத்திய கணக்கு இன்னும் நுட்பமானது. யாவும் சாதகமாயிருப்பினும் தூக்கத்தக்கது 23 கிலோவே. அதுவும், சுமையைப் பற்றிய கைகள் கணுக்கால்களின் நடுவிலிருந்து 25 செ.மீ. தொலைவுக்குள் இருக்குமாயின். அத்தொலைவு 50 செ.மீ. ஆனால் அளவு 11.5 கிலோவாகக் குறையும். ஏற்றத்துலாவில் பாரம் அச்சை விட்டு விலக விலக இழுப்பு மிகுவதுபோன்றே கீழ்முதுகெலும்பும் வருந்துகின்றது. குனிதல், உடலைத் திருப்புதல், அடிக்கடி தூக்குதல் ஆகியவை அளவை மேலும் குறைக்கும்.

ஆகவே 50 கிலோ மூட்டை, மிக நல்ல நிலையிலும், இவ்வரம்பின் இருமடங்கைத் தாண்டுகின்றது. இக்கணக்கு வழுக்காத தரையையும் மிதமான வெப்பத்தையும் கருதியது, தலைச்சுமைக்கு உரியதன்று. உப்பளத்து வெயிலிலும் ஈர வரப்பிலும் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை: அளவுநாடாவால் தொலைவை அளந்து குறித்தல்; மூட்டை, நூற்சிப்பம் முதலியவற்றை இடுப்புயர மேடையில் வைத்தல்; சிப்பத்தைச் சிறிதாக்குதல்; தள்ளுவண்டியைப் பயன்படுத்துதல். முதுகு கெட்டால் கூலியும் கெடும். மேடைக்கு ஆகும் செலவோ ஒருமுறையே.