குடிநீரைத் தூய்மையாக்கும் சவ்வு வடிகட்டி

படிகாரம் இட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து விட்டால் குடிநீரில் நோய்க்கு இடமில்லை என்பது நெடுங்கால நம்பிக்கை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993ஆம் ஆண்டு இந்த நம்பிக்கை பொய்த்தது.

அந்நகருக்குக் குடிநீர் தருவது மிச்சிகன் ஏரி. மார்ச் இறுதியில் நகரின் தெற்கு நிலையத்தில் வடிகட்டி வந்த நீரில் கலங்கல் கூடியது. சில நாட்களில் வீடுதோறும் வயிற்றுப்போக்கு கண்டது. ஏப்ரல் 7ஆம் தேதி நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு அறிவிப்பு வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நோயுற்றவர்கள் ஏறத்தாழ 4,03,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. எதிர்ப்பாற்றல் குன்றியிருந்த பலர் உயிரிழந்தனர்.

கன்றுகளிலும் உண்டு

இதற்குக் காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர். கால்நடை வளர்ப்போர் இதை அறிந்திருப்பது நல்லது. பிறந்து ஒன்று முதல் மூன்று வாரங்களான கன்றுகளுக்கு வரும் கழிச்சலுக்கு இதன் ஓர் இனமும் காரணம். அது மனிதருக்கும் தொற்றும். மில்வாக்கியில் முதலில் பண்ணைகளின் மீது சந்தேகம் எழுந்தது. பின்னர் நடந்த மரபணு ஆய்வுகளில், பரவியது மனிதரிடம் காணப்படும் இனமே எனத் தெரிந்தது.

இந்த உயிர் தடித்த ஓட்டுக்குள் இருப்பதால், குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் இதைக் கொல்வதில்லை. எனவே வடிகட்டியே இதைத் தடுத்தாக வேண்டும்.

வேலை செய்யும் விதம்

சவ்வு வடிகட்டியில் நூல் போன்ற பிளாஸ்டிக் குழல்கள் ஆயிரக்கணக்கில் கட்டாகக் கட்டப்பட்டிருக்கும். குழலின் சுவர் முழுவதும் நுண்துளைகள். ஒரு வகையில் துளையின் அளவு சுமார் 0.1 மைக்ரான், அதைவிட நுண்ணிய வகையில் சுமார் 0.01 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிரிப்டோஸ்போரிடியத்தின் அளவு 4 முதல் 6 மைக்ரான். ஆகவே நீர் துளை வழியே செல்ல, கிருமி வெளியே நின்றுவிடும். பாக்டீரியாக்களும் அவ்வாறே. வைரஸ்களைத் தடுக்க நுண்ணிய வகை வேண்டும்.

சவ்வில் படியும் அழுக்கை, குறிப்பிட்ட நேரத்திற்கு ஒருமுறை நீரையும் காற்றையும் எதிர்த்திசையில் செலுத்தி நீக்குவார்கள். குழல் அறுந்துள்ளதா என அறிய, காற்றை அழுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அழுத்தம் விரைவில் குறைந்தால் எங்கோ ஓட்டை உண்டு என்று பொருள். மிச்சிகன் ஏரிக்கரையிலேயே உள்ள கெனோஷா, மானிடோவாக் நகரங்கள் 1990களின் பிற்பகுதியில் இம்முறைக்கு மாறின. வடிகட்டிய பின்னும் குளோரின் தேவை. குழாய்களில் செல்லும் வழியில் நீர் கெடாமல் காப்பது அதுவே.

உப்பு நீங்குமா?

நீங்காது. கரைந்துள்ள உப்பும், உரத்திலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் நைட்ரேட்டும் இத்துளைகளில் எளிதாகச் சென்றுவிடும். அவற்றைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் முறை வேண்டும். இதற்கான சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டி கலிபோர்னியாவில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவர். சென்னையை அடுத்த நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரிக்கும் திறன் கொண்டது.

கவனிக்க வேண்டியவை

* குடிநீர்க் கிணறு, ஊருணி ஆகியவற்றின் அருகில் மாட்டுத் தொழுவமோ எருக்குழியோ இருக்கக் கூடாது.
* கழிச்சல் கண்ட கன்றைத் தனியே கட்ட வேண்டும். அதைக் கவனித்த பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.
* சந்தேகமான நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பருகினால் இந்நோய் அண்டாது. ஆனால் காய்ச்சுவதால் நைட்ரேட் குறையாது.
* வீட்டு வடிகட்டி வாங்குமுன் நீரைச் சோதித்து, நீக்க வேண்டியது கிருமியா, உப்பா என அறிய வேண்டும்.
* உப்பு நீக்கும் கருவியின் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தொடர்ந்து தோட்டத்துக்குப் பாய்ச்சினால் மண் உவர்ப்பாகும்.