17-லிருந்து 18: என்எஃப்எல் ஒரு மேட்ச் கூட்டினா லாபம் யாருக்கு?

சம்பள உயர்வு பற்றிய வீடியோவில், "வருஷத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க, ஒரு யூனிட் வேலைக்கு எவ்வளவுன்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு, அமெரிக்காவின் என்எஃப்எல் லீகை உதாரணமா ரெண்டு நிமிஷத்தில் தொட்டுட்டுப் போயிட்டேன். அந்தக் கணக்கை இங்கே நிதானமா போட்டுப் பார்ப்போம். இது நாம பார்க்கிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். விதிமுறை தெரியலைன்னாலும் பரவாயில்லை, கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

2025 ஜனவரி. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் சக்வான் பார்க்லி அந்த சீசனில் 16 மேட்ச் ஆடி 2,005 யார்டு ஓடி முடிச்சிருந்தார். ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய சாதனை 1984-ல் எரிக் டிக்கர்சன் வெச்சது, 2,105. உடைக்க இன்னும் 101 யார்டுதான் தேவை. ஒரு மேட்ச் பாக்கி. ஆனா கோச் நிக் சிரியானி அவரை ஆட விடலை. பிளேஆஃபில் அணியின் இடம் ஏற்கெனவே முடிவாகிட்டதால, அந்தக் கடைசி மேட்ச்ல கிடைக்கப்போறது ஒண்ணும் இல்லை, காயம் பட்டா போறது நிறைய. அஞ்சு வாரம் கழிச்சு ஈகிள்ஸ் சூப்பர் பௌல் ஜெயிச்சது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த 17-வது மேட்ச் 2021-க்கு முன்னாடி கிடையவே கிடையாது. டிக்கர்சன் சாதனை வெச்சதும் 16 மேட்ச் சீசனில்தான். லீக் காசுக்காகக் கூட்டின மேட்சை, ஒரு அணியே "எங்க முக்கியமான ஆளை இதுல இறக்க மாட்டோம்"னு ஒதுக்கி வெச்சது. அதே லீக் இப்போ 18-வது மேட்சும் வேணும்னு கேட்குது. லீக்கோட கணக்குப் புத்தகம் வேற, அணியோடது வேற, ஆடுறவரோடது வேற. மூணையும் கலந்து பேசுறதாலதான் இந்த விவாதம் குழம்புது.

எப்பவுமே 20 தான்

முதல்ல லீக்கோட புத்தகம். 1977 வரைக்கும் 14 மேட்ச் சீசன், அதுக்கு முன்னாடி 6 ப்ரீசீசன் மேட்ச். 1978-ல் 16 + 4. 2021-ல் 17 + 3. 2024-லிருந்து கமிஷனர் ராஜர் குடெல் வெளிப்படையா பேசிக்கிட்டு வர்றது 18 + 2. கூட்டிப் பாருங்க, எல்லாமே 20. அதாவது லீக் புதுசா சரக்கு தயாரிக்கலை. யாரும் பெருசா மதிக்காத ஒத்திகை மேட்சை எடுத்து, புள்ளிக்கணக்குள்ள மேட்சா மாத்தி விக்குது.

சீசன் டிக்கெட் வாங்குறவங்க ப்ரீசீசன் மேட்சுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டுறாங்க. ஒரு அணி சொந்த மைதானத்தில் ஆடுற மேட்ச் அப்பவும் 10, இப்பவும் 10. அதனால கேட் வசூல்ல பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது. உண்மையான காசு டிவியில் இருக்கு. 16-ல் 256 ஆட்டம், 17-ல் 272, 18 ஆனா 288. அமெரிக்காவில் 2023-ல் அதிகம் பேர் பார்த்த 100 டிவி நிகழ்ச்சியில் 93 என்எஃப்எல் ஆட்டங்கள். அப்படிப்பட்ட சரக்கில் இன்னொரு 16 ஆட்டம், இன்னொரு வாரம். 17-வது மேட்சை உறுதி செஞ்சதும், 11 வருஷத்துக்கு ஏறக்குறைய 11,000 கோடி டாலர் டிவி ஒப்பந்தங்களை அறிவிச்சதும் ஒரே மாதம், 2021 மார்ச். தற்செயல் இல்லை, டிவி ஒப்பந்தம் புதுசா போட்டாத்தான் 17-க்குப் போகலாம்னு தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே எழுதி வெச்சிருந்தாங்க.

அணிகளோட வரவு செலவை நாம பார்க்க ஒரே ஜன்னல் கிரீன் பே பேக்கர்ஸ். பொதுமக்கள் பங்கு வெச்சிருக்கிற ஒரே அணி, அதனால வருஷா வருஷம் கணக்கை வெளியிடும். (ஷேர்னு சொன்னதும் ஆசைப்படாதீங்க. டிவிடெண்ட் கிடையாது, விக்கவும் முடியாது. ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம்.) 2025 மார்ச்சில் முடிஞ்ச வருஷத்தில் அவங்க வருமானம் சுமார் 72 கோடி டாலர். அதில் 43 கோடிக்கு மேல லீக் பொதுவா பிரிச்சுக் கொடுத்தது, பெரும்பாலும் டிவி பணம். ஆட்டமே ஆரம்பிக்காம 60 சதவீதம் உள்ளே வந்தாச்சு. ஓனர்கள் ஏன் 18 கேட்கிறாங்கன்னு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

ஆடுறவரோட புத்தகம்

"வருமானம் கூடினா ப்ளேயர்ஸுக்கும் பங்கு கூடுமே?" நியாயமான கேள்வி. 2020 ஒப்பந்தப்படி லீக் வருமானத்தில் 48 சதவீதம் சுமாரா ப்ளேயர்ஸுக்கு. அதுக்கு முந்தி 47. ஒரு அணி சம்பளத்துக்குச் செலவு பண்ற உச்சவரம்பு 2020-ல் 19.82 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி. நல்லாத்தான் ஏறியிருக்கு. ஆனாலும் அந்த ஒப்பந்தத்துக்கு ப்ளேயர்ஸ் போட்ட ஓட்டு 1,019-க்கு 959. வெறும் 60 ஓட்டு வித்தியாசம். பாதிப் பேருக்கு மனசு ஒப்பலை. ஏன்?

உங்க ஆஃபீஸ் வாரம் அஞ்சு நாள்லேருந்து ஆறு நாளா மாறுது, சம்பளம் 10 சதவீதம் ஏத்துறாங்கன்னு வெச்சுக்கோங்க. வேலை 20 சதவீதம் கூடியிருக்கு, அதனால அது சம்பள வெட்டு. 17-லிருந்து 18-க்கு வேலை 5.9 சதவீதம் கூடுது. சம்பளமும் 5.9 கூடினா சரியாப் போச்சு, நஷ்டமில்லைன்னு தோணும். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். சிக்கல் வேற இடத்தில் இருக்கு.

டிராஃப்டில் எடுக்கப்படுற புது ஆளுக்கு முதல் ஒப்பந்தம் நாலு வருஷம், சம்பளம் கிட்டத்தட்ட நிர்ணயிச்ச தொகை. 2025-ல் புதுசா வர்றவரோட குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். நாலு சீசன் முடிஞ்ச பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, சந்தை விலைக்கு ஒப்பந்தம் போட முடியும். இந்த நாலுங்கிறது சீசன் கணக்கு, மேட்ச் கணக்கு இல்லை. 16 மேட்ச் சீசனில் ஒரு அணி மலிவு விலைக்கு வாங்கினது 64 மேட்ச். 17-ல் 68. 18-ல் 72. ஆக, சந்தைக்குப் போறதுக்கு முன்னாடி அரை சீசன் வேலை சத்தமில்லாம கூடிடுது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒருத்தர் உடம்பு 72 மேட்ச்தான் தாங்கும். ரூக்கி சம்பளம் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர், ரெண்டாவது ஒப்பந்தத்தில் 60 லட்சம். 17 மேட்ச் சீசன்னா, நாலு வருஷத்தில் 68 மேட்ச், 40 லட்சம். மிச்சம் 4 மேட்ச் புது ஒப்பந்தத்தில், சுமார் 14 லட்சம். மொத்தம் 54 லட்சம். இப்போ 18 மேட்ச் சீசன், சம்பளம் 5.9 சதவீதம் உயர்வு. 72 மேட்சும் ரூக்கி ஒப்பந்தத்துக்குள்ளேயே முடிஞ்சிடும்: 42 லட்சம். "உயர்வு" வாங்கியும் 12 லட்சம் போச்சு. நிஜத்தில் நஷ்டம் இன்னும் பெருசு, ஏன்னா ரெண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே பெரிய போனஸ் கைக்கு வரும்.

உடம்பு மேட்ச் எண்ணிக்கையால மட்டும் தேயறதில்லை, வயசாலயும் தேயும். அதனால இது எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. குவாட்டர்பேக்குக்குப் பொருந்தாம போகலாம். பார்க்லி மாதிரி ஒவ்வொரு ஓட்டத்திலும் மோதி விழுற ரன்னிங் பேக்குக்கு நிறையவே பொருந்தும். சராசரியா ஒரு ப்ளேயர் லீக்கில் இருக்கிறது 3.3 வருஷம்னு ப்ளேயர்ஸ் யூனியன் சொல்லுது. தொடக்க நாள் அணியில் இடம் பிடிச்சவங்களை மட்டும் எடுத்தா ஆறு வருஷம்னு லீக் சொல்லுது. பென்ஷன் உரிமைக்குத் தேவை மூணு சீசன். இதெல்லாமே சீசன் கணக்கு. தேய்மானம் மட்டும் மேட்ச் கணக்கு.

லாரி வெச்சிருக்கிற க்ளையன்ட்களுக்கு இது நல்லாப் புரியும். வருமான வரியில் வாடகை லாரிக்கு வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம், அது எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் சரி. ஆனா இன்ஜினுக்கு வருஷம் தெரியாது, கிலோமீட்டர்தான் தெரியும்.

தேய்மானம்னு பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும். அமெரிக்காவில் அணியை வாங்குற ஓனர், வாங்கின விலையில் பெரும்பகுதியை 15 வருஷத்தில் வரிக்கணக்கில் கழிச்சுக்கலாம். ப்ளேயர் ஒப்பந்தங்களும் அதில் அடக்கம். 2004-லிருந்து சட்டம் இப்படி. 2023-ல் வாஷிங்டன் அணி 605 கோடி டாலருக்குக் கைமாறிச்சு. முழுத் தொகைக்கும் கிடைச்சா வருஷத்துக்கு 40 கோடி டாலர் கழிவு. அதே காலத்தில் அணியோட மதிப்பு ஏறிக்கிட்டே இருக்கும். உண்மையிலேயே தேயுற முழங்காலுக்குச் சொந்தக்காரருக்கு அந்த மாதிரி கழிவு எதுவும் இல்லை.

அப்போ வேண்டவே வேண்டாமா?

18-க்கு ஆதரவாவும் விஷயம் இருக்கு. 17 ஒற்றைப்படை, பாதி அணிக்கு 9 மேட்ச் சொந்த மைதானத்தில், பாதிக்கு 8. 18 ஆனா சமமாயிடும். ரசிகருக்கும் ஒத்திகைக்குப் பதிலா நிஜ மேட்ச். ஆனா ப்ரீசீசன் குறைஞ்சா, 90 பேர்லேருந்து 53 பேர் பட்டியலுக்குள்ள நுழையத் துடிக்கிற டிராஃப்ட் ஆகாத பையனுக்குத் தன்னைக் காட்டுற வாய்ப்பு இன்னும் ஒண்ணு குறையும். அவன் பேச்சை யாரும் எடுக்கிறதே இல்லை.

என் கருத்து: இப்போ இருக்கிற ஒப்பந்த அமைப்போட 18 கூடாது. யூனியன் பக்கம் உட்கார்ந்து நான் கணக்குப் பார்த்தா, 48-ஐ 49 ஆக்குங்கன்னு முதல்ல கேட்க மாட்டேன். நாலு சீசனை மூணாக்கச் சொல்வேன். 54 மேட்சில் சந்தைக்குப் போயிடலாம். அது கிடைச்சா ஒரு சதவீதம் குறைச்சுக் கொடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல லாபத்தில் இருப்பாங்க. அடுத்து, ரெண்டாவது ஓய்வு வாரம். இதை லீக் மறுக்கக் காரணமே இல்லை, டிவிக்கு விக்க இன்னொரு வாரம் கிடைக்குதே. 1993-ல் ஒரு தடவை ரெண்டு ஓய்வு வாரம் கொடுத்துப் பார்த்து, அடுத்த வருஷமே கைவிட்டாங்க. ஆனா அன்னிக்கு கூடுதல் மேட்ச் இல்லாம வாரம் மட்டும் நீண்டது. கடைசியா, 53 பேர் பட்டியலைப் பெருசாக்கணும். கூடுதல் மேட்சின் பாரத்தை அதே 53 உடம்பு தாங்கணும்னா 18-ஐ எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்வேன்.

இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2030 சீசன் வரைக்கும் இருக்கு. அதுக்கு முன்னாடியே பேச்சுவார்த்தை வரலாம். செய்தி வந்ததும் எல்லா சேனலும் சம்பள உச்சவரம்பு எவ்வளவு ஏறிச்சுன்னு போடுவாங்க. நான் ஃப்ரீ ஏஜென்சி பக்கத்தைத் திறந்து, அங்கே 4 இருக்கா 3 இருக்கான்னு பார்ப்பேன். அன்னிக்கு இந்த 72 மேட்ச் கணக்கையே புது எண்களோட வீடியோவில் போட்டுக் காட்டுறேன்.