குருதியில் முதிராத குழியங்கள்

வளர்ந்தவர்களில் குருதிக் குழியங்கள் செவ்வென்பு மச்சையில் உற்பத்தியாகி, முதிர்ந்த பின்னரே குருதியை அடைகின்றன. முதிர்ந்த செங்குழியத்தில் கரு இல்லை. அதன் ஆயுட்காலம் ஏறத்தாழ 120 நாட்கள். கருவை இழந்த இளஞ் செங்குழியங்கள் ஏறத்தாழ 1% காணப்படல் இயல்பானது. கருவுள்ள செங்குழியங்கள் பொதுவாகக் காணப்படுவதில்லை.

முதிராத குழியங்கள் அதிகரிப்பதற்கான காரணங்கள்:

1. குருதிப்பெருக்கு – இழப்பை ஈடுசெய்ய மச்சை விரைந்து தொழிற்படும். இளஞ் செங்குழியங்கள் கூடும்.
2. கடும் பற்றீரியாத் தொற்று – முதிராத நடுநிலைநாடிகள் வெளியேறும்.
3. கடுமையான தலசீமியா – பரம்பரை நோய். ஈமோகுளோபின் உற்பத்தி குறைவதால் கருவுள்ள செங்குழியங்களும் குருதியை அடையும்.
4. கடிய லியூக்கேமியா – முதிராத வெண்குழியங்கள் மச்சையில் கட்டுப்பாடின்றிப் பெருகும். செங்குழியங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறையும்.

கவனிக்க: முதிராத குழியங்கள் காணப்படுவதனால் மட்டும் அது புற்றுநோய் எனக் கூறமுடியாது. 1, 2 இல் மச்சை உடலின் தேவைக்கு ஈடுகொடுக்கின்றது. 4 இல் மச்சையே நோயுற்றுள்ளது.

வினா: லியூக்கேமியா நோயாளியில் வெண்குழியங்கள் அதிகமாக இருந்தும் இலகுவில் தொற்று ஏற்படுவது ஏன்?

விடை: அவற்றுட் பெரும்பாலானவை முதிராதவை. எனவே நோய்க்கிருமிகளை அழிக்கும் தொழிலை ஆற்றமாட்டா.