நிறுத்தத்தில் கழியும் முப்பது வினாடி

எட்டாம் வகுப்பில் போக்குவரத்துப் பாடம். பேருந்தில் பயணம் செய்தால் எரிபொருள் மிச்சம், புகை குறைவு, நெரிசல் குறைவு என்று கரும்பலகையில் மூன்று வரி எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "நாங்க பஸ்லதான் டீச்சர் வர்றோம். அதுதான் நிக்கிறதே இல்ல."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையும் தாமதமாக வந்ததற்காக அவளை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தோம்.

அவள் சொன்னதை யோசித்தபோது என் மூன்று வரிகளில் இருந்த குறை தெரிந்தது. பயணி என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன். பயணிக்காக நகரம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அடுத்த வகுப்புக்கு உலக வரைபடத்தோடு போனேன். தென் பிரேசிலில் பரானா மாநிலத்தின் தலைநகரத்தைத் தேடச் சொன்னேன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் 'குரிட்டிபா' என்று வாசித்தார்கள். உள்ளூர் மக்கள் 'குரிச்சிபா' என்பார்கள்.

இந்த நகரத்தின் கதையை 1972இல் தொடங்குவது வகுப்புக்கு ஏற்றது. உலகின் பல நகரங்கள் கார்களுக்காகச் சாலைகளை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1971இல் குரிச்சிபாவின் மேயரான ஜெய்மே லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். நகரின் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் ஆக்க முடிவு செய்தார். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை தொடங்கியது. ஏறத்தாழ 72 மணி நேரத்தில் தார்ச்சாலை போய்க் கல் பதித்த நடைதெரு வந்துவிட்டது. வழக்கம்போல் கார் ஓட்டியே தெருவை மீட்போம் என்று கார் உரிமையாளர்கள் சிலர் கிளம்பியபோது, தெரு நெடுகத் தாள்களை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய வைத்திருந்தது நகராட்சி. கார்கள் திரும்பிப் போயின. வியாபாரம் படுக்கவில்லை, பக்கத்துத் தெருக்களுக்கும் இதை நீட்டுங்கள் என்று கடைக்காரர்களே பிறகு கேட்டார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு இந்தக் கதை ஒன்றே போதும். வகுப்பறைத் தரையில் பழைய நாட்காட்டித் தாள்களை ஒட்டி, 'வண்டியே வராத நம் தெரு' என்று வரையச் சொல்லலாம்.

மேல் வகுப்புகளில் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது பிரேசிலில் நடந்தது இராணுவ ஆட்சி. லெர்னர் மக்கள் வாக்களித்து வந்த மேயர் அல்லர், நியமிக்கப்பட்டவர். எதிர்ப்பை மீறி மூன்று நாளில் வேலையை முடிக்க முடிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. இன்னொன்றை என் மாணவன் ஒருவனே கேட்டுவிட்டான்: "காருக்கு முன்னாடி சின்னப் பிள்ளைங்கள உக்கார வைக்கலாமா டீச்சர்?" பதில் சொல்லாமல் விவாதத்துக்கு விட்டேன். மணி அடிக்கும்வரை முடியவில்லை.

நடைதெரு தொடக்கம்தான். சுரங்க இரயில் அமைக்கக் குரிச்சிபாவிடம் பணமில்லை. இரயிலுக்கு உள்ள வசதிகளைப் பேருந்துக்குக் கொடுத்தால் என்ன என்று அதன் திட்டமிடுநர்கள் யோசித்தார்கள். 1974இல் சாலையின் நடுவே பேருந்துக்கு மட்டுமான தடம் அமைந்தது. நெரிசல் நேரத்திலும் அதில் வேறு வண்டி நுழைய முடியாது. அந்தத் தடங்களை ஒட்டி மட்டும் உயரமான குடியிருப்புகளுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்தார்கள். மக்கள் எங்கே அதிகமாகக் குடியிருப்பார்களோ அங்கே பேருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வீடுகள் ஒரு பக்கம் பெருகியபின் வழித்தடம் கேட்டு மனு கொடுத்துப் பழகிய நமக்கு இந்த வரிசை புதிது.

எனக்கு மிகவும் பிடித்தது 1991இல் வந்த குழாய் வடிவ நிறுத்தம். கண்ணாடிக் குழாய் ஒன்றைப் படுக்க வைத்ததுபோல் இருக்கும். பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவார். நிறுத்தத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். பேருந்து வந்ததும் கதவோடு சிறு பலகையும் திறந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். எல்லாக் கதவுகள் வழியாகவும் இறங்கலாம், ஏறலாம். படிக்கட்டு இல்லை, சில்லறைக்குக் காத்திருப்பது இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிட வேண்டியதில்லை. நிறுத்தத்திற்குள் செல்லச் சிறு மின்தூக்கியோ சாய்தளமோ இருக்கும். அடுத்த ஆண்டு மூன்று பெட்டிகளை இணைத்ததுபோன்ற நீளப் பேருந்துகள் வந்தன. நீளம் 25 மீட்டர். 270 பேர் வரை ஏறலாம்.

இத்தனை ஏற்பாடும் ஒரு நிறுத்தத்தில் மிச்சப்படுத்துவது சில வினாடிகளைத்தான். அந்த வினாடிகளைக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு வழித்தடத்தில் 20 நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் 30 வினாடி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 600 வினாடி, அதாவது 10 நிமிடம். ஒரு மணி நேரத்தில் முடிந்த நடை 50 நிமிடத்தில் முடியும். எட்டு மணி நேரத்தில் எட்டு நடை போன பேருந்து இப்போது ஒன்பது நடை போய், அரை மணி நேரத்தைக் கையிலும் வைத்திருக்கும். அதே வண்டி, அதே ஓட்டுநர், ஒரு நடை கூடுதல். புதுப் பேருந்து வாங்காமலேயே பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு இது சமம்.

பேருந்து ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரு பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் ஐந்து நிமிடக் கூட்டம் கூடுதலாகக் காத்திருக்கும். அவர்கள் ஏற மேலும் நேரமாகும். தாமதம் வளரும், கூட்டம் வளரும். ஒரு கட்டத்தில் இடமே இல்லாமல் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடும். பின்னால் வரும் பேருந்துக்கு ஆளே இருக்காது. அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். 'அரை மணி நேரமா ஒண்ணும் வரல, வந்தா ரெண்டா வருது' என்று நிறுத்தத்தில் பேசிக்கொள்வது இதைத்தான்.

இதை மாணவர்கள் தாங்களே கண்டறிய ஒரு வாரச் செயல்பாடு தரலாம். கைக்கடிகாரம், கோடு போட்ட நோட்டு, நாலு பேர் கொண்ட குழு போதும். பேருந்து வந்த நேரம், நின்ற வினாடிகள், ஏறியவர், இறங்கியவர், ஏற முடியாமல் நின்றவர் என்று ஐந்து பத்திகள். ஏற அதிக நேரம் எடுத்தவர் யார், ஏன் என்றும் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் அந்த ஓரக் குறிப்புகளே அதிகம் பேசின: கீரைக்கூடையோடு ஒரு பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு அம்மா, முழங்கால் வலிக்காரர் ஒருவர். முதல் படியின் உயரம் எவ்வளவு முக்கியம் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சென்னையில் 2024இல் ஓடத் தொடங்கிய புதிய தாழ்தளப் பேருந்துகளைப் பற்றி அந்த இடத்தில் சொன்னேன். சாலையோரத்தில் நின்று கணக்கெடுக்கும்போது ஆசிரியரோ பெற்றோரோ உடன் இருப்பது கட்டாயம்.

குரிச்சிபாவைப் பார்த்து 2000இல் கொலம்பியாவின் பொகோட்டா, 2004இல் ஜகார்த்தா, 2009இல் நம் அகமதாபாத் என்று பல நகரங்கள் பேருந்துக்குத் தனித்தடம் போட்டன. ஆனால், கதையை அங்கே நிறுத்தினால் அது விளம்பரமாகிவிடும். குரிச்சிபாவிலேயே பிற்காலத்தில் பேருந்துப் பயணிகள் குறைந்தார்கள். நெரிசல் நேரத்தில் நீளப் பேருந்துகளும் பிதுங்கின, கட்டணம் ஏறியது, வசதி வந்தவர்கள் கார் வாங்கினார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் பிரேசிலில் கார்கள் மிகுந்த பெருநகரங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவு செய்த நகரத்தில் ஏன் இப்படி ஆனது? ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இதைக் கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். "எங்க அப்பாவும் அப்படித்தான் பைக் வாங்கினாரு" என்று ஒருவராவது தொடங்குவார்.

நம் மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. கட்டணம் தடையாக இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு இடமும் நேரமும்தான் தடை. என் மாணவர்கள் எடுத்த ஒரு வாரக் கணக்கை, ஏற முடியாமல் நின்றவர்களின் பத்தியைச் சிவப்பு மையில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். பணிமனைக்கு விண்ணப்பம் அனுப்பலாம் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். கணக்கையும் அதோடு இணைத்து அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

பள்ளிக்குள் எங்களால் முடிந்ததைச் செய்தோம். தாமத வருகைப் பதிவேட்டில் 'எதில் வந்தார், நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்தார்' என்று இரண்டு பத்திகள் சேர்த்தோம். காலையில் அதை நிரப்புவது அந்தக் கடைசி வரிசை மாணவிதான். தாமதமாக வரும் நாள்களில் தன் பெயரையும் அவளே எழுதிக்கொள்கிறாள்.