மாட்டுக்கு முன்னே புல்: கம்பு நேப்பியர் நடவு முறை

கறவை மாடு வாங்கப் பணம் கைக்கு வந்தவுடன் சந்தைக்குப் புறப்படுவோர் பலர். மாட்டைக் கொட்டிலில் கட்டிய பிறகு பசுந்தீவனத்துக்கு அலைந்தால் பால் குறையும். பால் பணம் வைக்கோலுக்கும் புண்ணாக்குக்குமே போய்விடும். நட்ட புல் முதல் அறுப்புக்கு வர 75 நாட்கள் ஆகும். எனவே மாடு வருவதற்கு இரண்டரை மாதம் முன்பே புல்லை நட்டுவிட வேண்டும்.

இரகமும் கரணையும்

கம்பையும் யானைப்புல் எனும் நேப்பியரையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியதே கம்பு நேப்பியர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் கோ 4 இரகத்தையும், 2012-ல் கோ 5 இரகத்தையும் வெளியிட்டது. இந்தப் புல்லில் முளைக்கும் விதை பிடிப்பதில்லை. 'கம்பு நேப்பியர் விதை' என்று யாரேனும் விற்றால் வாங்கி ஏமாறக் கூடாது. கரணை மூலமே நட வேண்டும். மூன்று மாதம் முற்றிய தண்டின் நடுப்பகுதியை, இரண்டு கணு இருக்குமாறு நறுக்கினால் நல்ல கரணை கிடைக்கும். இளந்தண்டு எளிதில் அழுகிவிடும்.

நடவு

ஒரு மாட்டுக்கு 10 சென்ட் நிலம் ஒதுக்கலாம். நீர் தேங்காத, பாசன வசதியுள்ள இடமாக இருத்தல் அவசியம். நிலத்தை 9 பாத்திகளாகப் பிரித்து, 5 நாட்களுக்கு ஒரு பாத்தி வீதம் நட வேண்டும். 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, 50 செ.மீ.க்கு ஒரு கரணை ஊன்றினால் பாத்திக்கு 150 கரணைகள் பிடிக்கும். ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு மேலேயும் இருக்கட்டும். கரணையைத் தலைகீழாக நட்டுவிடக் கூடாது.

பாத்திக்கு அடியுரமாக 110 கிலோ தொழு உரம், முக்கால் கிலோ யூரியா, 1.4 கிலோ சூப்பர் பாஸ்பேட், 300 கிராம் பொட்டாஷ் இட வேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி அளவை மாற்றிக் கொள்ளலாம்.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு 10 நாட்களுக்கு ஒரு தண்ணீர் போதும். 20-ம் நாள் களை எடுக்கும்போதே முளைக்காத இடங்களில் புதுக் கரணை ஊன்ற வேண்டும். 30-ம் நாள் முக்கால் கிலோ யூரியா மேலுரமாக இட வேண்டும்.

அவசரம் ஆகாது

ஐம்பதாம் நாளிலேயே புல் செழித்து நிற்கும். அறுக்கத்தான் தோன்றும். ஆனால் வேர் ஊன்றுமுன் அறுத்தால் தூர் மெலிந்து, பின்வரும் அறுப்புகள் எல்லாம் குறையும். 75-ம் நாள் முதல் அறுப்பு. அதன்பின் 45 நாட்களுக்கு ஒன்று. தரையை ஒட்டி அறுக்க வேண்டும். ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் பாத்திக்கு முக்கால் கிலோ யூரியா இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். மூன்று அறுப்புக்கு ஒரு முறை மண் அணைப்பது நல்லது.

ஒரு பாத்திப் புல் ஐந்து நாளைக்கு வரும். ஒன்பதாம் பாத்தி தீரும்போது முதல் பாத்தி மறுபடியும் அறுப்புக்குத் தயாராகிவிடும். ஆண்டு முழுவதும் தீவனம் தட்டுப்படாது.

இந்தப் புல்லில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. ஆகையால் புல்லை மட்டுமே கொடுக்காமல், மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் சேர்த்து, நறுக்கிப் போட வேண்டும். புரதமும் கூடும், தண்டு வீணாவதும் குறையும்.