மூன்று எண்களும் ஆயிரம் வழிகளும்

அங்கத்தினர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்குப் பாடம்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுகையில் பேரேட்டைப் புரட்டுவதோடு நம் பணி முடிந்துவிடுவதில்லை. அங்கத்தினர்கள் கேட்கும் ஐயங்களைத் தீர்ப்பதும் நம் கடமையே ஆகும். அண்மையில் அரியாங்குப்பம் கொம்யூனில் ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது, ஒரே நாளில் இரண்டு விஷயங்கள் நம் முன் வந்தன.

முதலாவது, அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடைய மேல்நிலைப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "வரிசை மாற்றம், சேர்வு, நிகழ்தகவு என்று பாடங்கள் இருக்கின்றன ஐயா. தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இவை எதற்கு உதவும்?" என்று கேட்டார். இரண்டாவது, வேறோர் அங்கத்தினரின் சேமிப்புக் கணக்கு, சிறிது சிறிதாக எடுக்கப்பட்டு, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருந்ததைக் கண்டோம். விசாரித்ததில், மறைவாக விற்கப்படும் மூன்றெண் சீட்டை நாள்தோறும் வாங்கி வந்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

முதல்வரின் கேள்விக்கு விடை, இரண்டாமவரின் கணக்கிலேயே இருக்கிறது. அதனை இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

1. பெருக்கல் விதி

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை நம் அங்கத்தினர்களில் அறியாதவர் இலர். அங்கே 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும் அகழ்ந்து பார்த்தனர். செங்கல்லால் கட்டப்பட்ட தொட்டிகள் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்கலாம் என்பது வீலரின் கருத்து. கண்ணாடியிலும் கல்லிலும் செய்த பல நிற மணிகளும் அம்மேட்டில் ஏராளமாகக் கிடைத்தன. நிறத்தையும் மணியையும் கையாளுகிறவன் எவனும், "எத்தனை விதமாக அமைக்கலாம்?" என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

நம் தறிக்கே வருவோம். ஒரு சேலைக்கு உடல் நிறம் 5, கரை நிறம் 4, முந்தி நிறம் 3 இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் உடல் நிறத்துக்கும் 4 கரைகள் பொருந்தும்; ஆகவே 5 × 4 = 20. இந்த இருபதில் ஒவ்வொன்றுக்கும் 3 முந்திகள் பொருந்தும்; ஆகவே 20 × 3 = 60. இதுவே பெருக்கல் விதி. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய தேர்வுகளின் வழிகளைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறோம்.

இதில் சங்கத்துக்கு ஒரு படிப்பினை உண்டு. ஒவ்வொரு விதத்திலும் ஒரே ஒரு சேலை இருப்பு வைத்தாலும் 60 சேலைகள் வேண்டும். சேலை ஒன்றுக்கு அடக்க விலை 1,500 ரூபாய் என்றால் 90,000 ரூபாய் அலமாரியில் முடங்கும். உடல் நிறம் ஒன்றைக் கூட்டினால் கூடுவது ஒரு சேலை அன்று; 6 × 4 × 3 = 72 ஆகி, 12 சேலைகள் கூடும்.

2. வரிசை மாற்றம்

சிவப்பு, நீலம், பச்சை ஆகிய மூன்று மணிகளை நூலில் இடமிருந்து வலமாகக் கோக்க எத்தனை வழிகள்? முதலிடத்துக்கு 3 மணிகளில் எதுவும் வரலாம். அடுத்த இடத்துக்கு எஞ்சியவை 2. கடைசி இடத்துக்கு 1. ஆகவே 3 × 2 × 1 = 6. நான்கு மணிகளுக்கு 24, ஐந்து மணிகளுக்கு 120, ஆறு மணிகளுக்கு 720. எண் சிறிதே ஏற, வழிகள் மலைபோல் ஏறுவதைக் கவனிக்க.

இனி, ஏழு இயக்குநர்களிலிருந்து தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் என மூவரை அமர்த்துவதாகக் கொள்வோம். தலைவருக்கு 7 வழிகள், துணைத் தலைவருக்கு 6, பொருளாளருக்கு 5. ஆகவே 7 × 6 × 5 = 210. இங்கே அதே மூவர் பதவி மாறினால் அது வேறு ஏற்பாடு. இடம் மாறினால் பொருளும் மாறும் இடத்தில் எண்ணுவது வரிசை மாற்றம்.

3. சேர்வு

அதே எழுவரிலிருந்து நூல் கொள்முதலுக்காக மூவர் கொண்ட துணைக்குழு ஒன்றை அமைத்தால், அங்கே முதலாமவர், இரண்டாமவர் என்ற பேதம் இல்லை. 210 என்று எண்ணியதில் ஒவ்வொரு மூவர் குழுவும் 6 தடவை எண்ணப்பட்டிருக்கிறது. எனவே 210 ÷ 6 = 35 குழுக்களே உண்டு. யார் யார் என்பது மட்டும் முக்கியமாகி, வரிசை முக்கியமில்லாத இடத்தில் எண்ணுவது சேர்வு.

இக்கணக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆறு சுவைகளை ஒன்றாகவும் இரண்டிரண்டாகவும் ஆறுவரை கலந்தால் 63 விதங்கள் ஆகும் என்பதைப் பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை கூறுகிறது. 6 + 15 + 20 + 15 + 6 + 1 என்று கூட்டிப் பார்த்தால் 63 சரியாக வரும். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் இதற்குப் பொது விதியே வகுத்தார். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலும் இக்கணக்குகள் உள்ளன.

4. நிகழ்தகவு

நாம் விரும்பும் வழிகளின் எண்ணிக்கையை, நிகழக்கூடிய எல்லா வழிகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது நிகழ்தகவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எல்லா வழிகளும் சமமான வாய்ப்புடையனவாக இருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனையை நம் முன்னோர் எவ்வளவு கவனத்துடன் காத்தனர் என்பதற்கு, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் அவை வெட்டப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலைத்து, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ளவேண்டும். கையில் வேறோலை ஒளிந்திருக்கவில்லை என்று சபையோர் காண்பதற்கே இவ்விதி. ஒரு குடும்பில் 20 ஓலைகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 20-இல் 1. ஒருவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்றும் விதித்தனர். இவ்விதியைப் படிக்கும்தோறும் தணிக்கைத் துறையினராகிய நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

எல்லா வழிகளும் சமமாக இல்லாத இடத்தில், சோதித்துப் பார்த்தே நிகழ்தகவை அறியவேண்டும். விதை நெல் 100-ஐ ஈரத் துணியில் முடிந்து வைக்கிறோம். 85 முளைத்தால், அவ்விதையின் முளைப்பு வாய்ப்பு 100-க்கு 85 என்று கொள்கிறோம். சான்று பெற்ற நெல் விதைக்கு 100-க்கு 80 குறைந்த அளவாக விதிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் விவசாயிக்கு நிகழ்தகவு புதிய சரக்கன்று.

5. மூன்றெண் சீட்டு

இனி நம் அங்கத்தினரின் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1968-இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கி, 2003 சனவரியில் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது. அதன் பிறகும், வேறு மாநிலக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துச் சிலர் கள்ளச் சீட்டு நடத்தி வருகின்றனர். 2019 டிசம்பரில் நம் அண்டை ஊராகிய விழுப்புரத்தில், இச்சீட்டினால் ஏற்பட்ட கடனைத் தாங்கமாட்டாமல் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தினர் ஐவரும் மாண்டனர். ஆகவே இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கன்று.

மூன்று இலக்கங்கள் ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். பெருக்கல் விதிப்படி 10 × 10 × 10 = 1,000 வழிகள். ஒரு சீட்டின் வாய்ப்பு 1,000-இல் 1. சீட்டு 50 ரூபாய், பரிசு 25,000 ரூபாய் என்று கொள்வோம். ஆயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் கொடுப்பது 50,000, பெறுவது 25,000. ஆக, 50 ரூபாய்ச் சீட்டின் உண்மை மதிப்பு 25 ரூபாய். வாங்கிய கணத்திலேயே பாதி போய்விட்டது.

"நாள்தோறும் வாங்கினால் ஒருநாள் விழாதா?" என்பர். ஒருநாள் விழாமலிருக்கும் வாய்ப்பு 1,000-இல் 999. அப்பின்னத்தை 300 தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.74 வருகிறது. அதாவது நூறு பேர் 300 நாள் விடாமல் வாங்கினால், சுமார் 74 பேருக்கு ஒரு தடவைகூட விழாது. ஒவ்வொருவரும் செலவிட்டிருப்பதோ 15,000 ரூபாய். விழுவதற்கும் விழாமலிருப்பதற்கும் சரிசமமான வாய்ப்பு வரவேண்டுமானால் 693 நாள் வாங்கவேண்டும். அதற்குள் 34,650 ரூபாய் செலவாகியிருக்கும், பரிசோ 25,000!

"நேற்று வந்த எண் இன்று வராது" என்று கணிப்பவரும் உளர். குலுக்கும் கருவிக்கு நேற்றைய நினைவு கிடையாது. இன்றும் அவ்வெண்ணுக்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. மற்ற எண்களுக்கும் அவ்வளவே.

"மூன்று இலக்கமும் எந்த வரிசையில் வந்தாலும் பரிசு" என்று கூறும் விற்பனையாளரிடம் வரிசை மாற்றத்தை நினைவு கொள்க. 472 போன்று மூன்றும் வேறான எண்ணுக்கு 6 வரிசைகள், 474-க்கு 3, 444-க்கு 1 மட்டுமே. வாய்ப்பு ஆறு மடங்காகும்பொழுது பரிசு ஆறில் ஒன்றுக்கும் கீழே குறைக்கப்பட்டிருந்தால், வாங்குபவருக்கு முன்னிலும் நட்டமே.

இவற்றையெல்லாம் அந்த அங்கத்தினரிடம் தாளில் எழுதிக் காட்டினோம். அவர் மறுக்கவுமில்லை, வியக்கவுமில்லை. பிறகு ஒரு கணக்கை அவரையே போடச் செய்தோம்: மூன்று இலக்கங்களும் தவறிப்போகும் வழிகள் எத்தனை? ஒவ்வோர் இடத்திலும் தவறான இலக்கங்கள் 9; ஆகவே 9 × 9 × 9 = 729. எஞ்சிய 271 வழிகளில் ஓர் இலக்கமாவது தன் இடத்தில் பொருந்தும். அவற்றில் ஒன்று மட்டும் பொருந்துவது 243, இரண்டு பொருந்துவது 27, மூன்றும் பொருந்துவது 1. அதாவது நான்கு நாளைக்கு ஒரு நாளுக்குமேல், "நெருங்கி வந்துவிட்டோம்" என்ற எண்ணம் தோன்றியே தீரும். அது அதிர்ஷ்டம் அருகில் வந்ததற்கு அறிகுறி அன்று. சீட்டின் இயல்பே அது. அதைக் கேட்டதும் அவர், "அதுதான் ஐயா என்னை இழுத்தது" என்றார்.

நட்டத்தை அறியாமல் மட்டும் மக்கள் ஏமாறுவதில்லை; நெருக்கம் என்ற மயக்கத்தாலும் ஏமாறுகின்றனர். அம்மயக்கத்தை எண்ணிக் காட்டுவதே இப்பாடத்தின் பயன். மகனுடைய புத்தகத்தோடு வந்த அங்கத்தினருக்கும் இதையே விடையாகக் கூறினோம்.

பயிற்சிக் கணக்குகள்

அங்கத்தினர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டுப் பார்க்கவும்.

(1) எட்டு நூல் நிறங்களிலிருந்து கரைக்கு இரண்டு நிறங்களை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? வரிசை முக்கியமில்லை.

(2) நெல், கரும்பு, மணிலா, உளுந்து ஆகிய நான்கையும் நான்கு பாத்திகளில் பாத்திக்கு ஒன்றாக எத்தனை விதமாகப் பயிரிடலாம்?

(3) குடத்தில் 12 பெண்கள், 18 ஆண்கள் பெயர்கள் உள்ளன. ஓர் ஓலை எடுத்தால் அது பெண் பெயராக இருக்கும் நிகழ்தகவு யாது?

(4) நாள்தோறும் 50 ரூபாயைச் சீட்டுக்குக் கொடாமல் சங்கச் சேமிப்பில் இட்டால், 300 நாளில் வட்டி நீங்கலாக எவ்வளவு சேரும்? அதனை இழக்கும் வழிகள் மூன்றெண் சீட்டில் ஆயிரத்துக்கு எத்தனை?

விடைகள்: (1) 28. (2) 24. (3) 5-இல் 2. (4) 15,000 ரூபாய். ஒவ்வொரு நாளும் 999.